செம்பனைத் தோட்டத்துக்கும் கடல் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பேரா மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் இருப்பவர்கள் பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல வெயில். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆனாலும் தாழ்வான இடங்களில் கான் (வடிகால்) விளிம்புவரை நிரம்பி, சில சமயம் ரோட்டிலும் தண்ணீர் ஏறி நிற்கும். கொஞ்ச நேரத்தில் வந்த வழியே வடிந்தும் போய்விடும். அது மழைத் தண்ணீர் இல்லை. கடல் ஏறும்போது ஆற்று வழியாக உள்ளே தள்ளப்படும் தண்ணீர்.

பூமி சூடாகிறது, கடல் மட்டம் உயர்கிறது என்று ரேடியோவில் கேட்டால் நம் ஆட்களில் பலர் அதை மாலத்தீவுக்காரர்கள் கவலைப்பட வேண்டிய செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கும் கடலில் நடப்பது எதற்கு என்ற எண்ணம். ஆனால் தோட்டத்தில் பெய்யும் மழை, மரத்தில் பிடிக்கும் காய், பசாரில் விற்கும் மீன், கடலோர மண்சுவரான பண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் கடலின் சூட்டுக்குப் பங்கு உண்டு. அந்தச் சூடு இப்போது மாறிக்கொண்டு வருகிறது. அது ஏன், எப்படி என்று அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

வெயில் பூமியைச் சூடாக்குகிறது. பூமி அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் இருக்கும் நீராவி, கரியமிலவாயு, மீத்தேன் ஆகியவை அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பூமி உறைந்து கிடந்திருக்கும். சிக்கல் அளவில்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தும் காட்டை அழித்தும் கரியமிலவாயுவைக் கூட்டிவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. உள்ளே வரும் சூடு அப்படியே வருகிறது, வெளியே போவது குறைகிறது. மிச்சம் இங்கேயே தங்குகிறது.

தங்கும் சூடு எங்கே போகிறது? காற்றில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாம் உணர்வது காற்றின் சூட்டைத்தானே. ஆனால் 1971-க்குப் பிறகு பூமியில் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது. நிலத்துக்குப் போனது 5 விழுக்காடு, பனியை உருக்கியது 3 விழுக்காடு. காற்றைச் சூடாக்கியது ஏறக்குறைய 1 விழுக்காடுதான். மதியம் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று நாம் புலம்பும் சூடு அந்த ஒரு விழுக்காட்டின் வேலை.

கடலால் இவ்வளவு சூட்டை எப்படி வாங்கிக்கொள்ள முடிகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து காட்டலாம். இரண்டு பலூன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காற்றை ஊதுங்கள், இன்னொன்றில் பாதி தண்ணீர் ஊற்றிக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, காற்றுப் பலூனை மெழுகுவத்திச் சுடருக்கு மேல் காட்டினால் பட்டென்று வெடிக்கும். தண்ணீர்ப் பலூனைக் காட்டினால் வெடிக்காது. அடியில் கரி மட்டும் படியும். ரப்பருக்கு வரும் சூட்டைத் தண்ணீர் உடனே வாங்கிக்கொள்கிறது, தானும் லேசாகத்தான் சூடேறுகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்கு வெப்பம் வேண்டும். எடையிலும் கடல் நீர் முழுக் காற்று மண்டலத்தைவிட இருநூறு மடங்குக்கு மேல் கனமானது. உலகத்துக் காற்று முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்தைக் கொண்டு கடலின் மேல் மூன்று மீட்டரைத்தான் ஒரு டிகிரி சூடாக்க முடியும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர் போல.

ஆகவே கடல் அரை டிகிரி சூடேறியது என்று படிக்கும்போது அதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. கற்பனைக்கு எட்டாத வெப்பம் உள்ளே போனால்தான் கடல் அந்த அரை டிகிரி நகரும்.

இதையெல்லாம் யார் அளந்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்து, கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி ஆழத்தில் இறக்கி வெப்பத்தைக் குறித்துக்கொண்டது. நமக்குப் பக்கத்தில் பாசிர் சாலாக்கில் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிர்ச் கொல்லப்பட்ட 1875 நவம்பரில் அந்தக் கப்பல் பசிபிக் கடலில் இருந்தது. அவ்வளவு பழைய கணக்கு. அப்போது அளந்த இடங்களின் வெப்பத்தை இக்கால அளவுகளோடு 2012-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேல் நீர் சராசரியாக 0.6 டிகிரி போலக் கூடியிருந்தது.

இக்கால அளவுகளைத் தருவது ஆர்கோ என்ற மிதவைகள். ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஓர் உருளை, தலையில் ஆன்டெனா. இப்படிப்பட்டவை சுமார் 4,000 உலகக் கடல்களில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் எண்ணெயும் அடியில் ஒரு ரப்பர்ப் பையும் உண்டு. எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் பை உப்பும், மிதவை மேலே வரும். எண்ணெயை உள்ளே இழுத்தால் பை சுருங்கும், மிதவை மூழ்கும். இப்படி 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் போல மிதந்துகொண்டே இருந்து, பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மெல்ல ஏறும்போது வழி நெடுக வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும் துணைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும். பத்து நாளுக்கு ஒரு தடவை இதே வேலை, ஆளில்லாமல், இரவு பகலாக. கடல் சூடாகிறது என்று சொல்வது இப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான அளவுகளைப் பார்த்துத்தான்.

சரி, சூடேறினால் என்ன ஆகும்? முதலில் தண்ணீர் விரியும். நம் கடல் போன்ற வெதுவெதுப்பான நீர் 100 மீட்டர் ஆழத்துக்கு ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரும். குளிர்ந்த நீர் இதைவிடக் குறைவாக விரியும். 1971-இலிருந்து உயர்ந்த கடல் மட்டத்தில் பாதிக்குக் காரணம் இந்த விரிவுதான். மீதியில் பெரும்பகுதி மலைப் பனியும், கிரீன்லாந்து, அண்டார்க்டிகா நிலத்தின் மேல் கிடக்கும் பனியும் உருகி வந்தது. கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயர்வதில்லை என்றே சொல்லலாம். அது மிதக்கும்போதே தன் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

1901-இலிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வேகம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டருக்கா இவ்வளவு கவலை என்று கேட்கலாம். கிள்ளான் துறைமுகத்தில் 5 மீட்டருக்கும் மேல் ஓதம் ஏறும் நாட்கள் உண்டு. அதற்கு முன் சில மில்லிமீட்டர் எம்மாத்திரம்? ஓதத்தை ஏற்றி இறக்குவது நிலவும் சூரியனும். அது ஏறும், இறங்கும், கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கடல் மட்ட உயர்வு அப்படி இறங்கிப் போவதில்லை. ஒவ்வொரு ஓதமும் முந்தைய தலைமுறை பார்த்ததைவிட உயரமான தளத்திலிருந்து கிளம்புகிறது. ரோட்டைத் தொடாமல் ஓர் அங்குலம் கீழே நின்றுவிட்ட பழைய பௌர்ணமித் தண்ணீர் இப்போது ரோட்டைத் தொடுகிறது. முன்பு பெரிய ஓதத்துக்கு மட்டும் வந்தது நடுத்தர ஓதத்துக்கும் வரத் தொடங்கும்.

நம் கடலோரத் தோட்டங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாகான் டத்தோவிலிருந்து கீழே சிலாங்கூர் கடற்கரை, கேரித் தீவு வரை பல தோட்டங்கள் ஒரு காலத்தில் பாக்காவ் மரம் (அலையாத்தி) நின்ற சேற்று நிலங்கள். கடலோரமாக மண்ணைக் கொட்டிப் பண்டு எழுப்பி, உள்ளே கான் வெட்டி, தண்ணீரை வடித்துத்தான் அங்கே தென்னையும் ரப்பரும் செம்பனையும் நட்டார்கள். பண்டில் மதகு இருக்கும். ஒரு பக்கம் கீல் போட்ட கனமான கதவுள்ள மதகுகளைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் கிடையாது. கடல் இறங்கியிருக்கும்போது உள்ளே இருக்கும் கான் தண்ணீர் உயரமாக நிற்பதால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறினால் அந்தப் பக்கத்துத் தண்ணீரின் அழுத்தமே கதவைச் சாத்திவிடும். கடலே திறந்து கடலே சாத்தும் கதவு.

இப்போது கடலின் சராசரி மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். கடல் கான் தண்ணீரைவிடத் தாழ்ந்து நிற்கும் நேரம் குறைகிறது. முன்பு ஓர் ஓதத்துக்கு ஐந்து மணி நேரம் கதவு திறந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம், அது நாலரை ஆகும், பிறகு நாலு ஆகும். தோட்டத்தில் பெய்த மழை வடிவதற்குள் கதவு சாத்திக்கொள்ளும். கடல் பண்டுக்கு மேலாக வழிந்து உள்ளே வரும் படத்தைத்தான் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறோம். அது நடப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோட்டம் உள்ளுக்குள் தண்ணீர் கட்டத் தொடங்கிவிடும். செம்பனை வேருக்குக் காற்று வேண்டும். நாள்கணக்கில் தண்ணீரில் நின்றால் மரம் வாடும், போட்ட உரம் அடித்துப் போகும், குலை வெட்டப் போகிறவர் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும், வெட்டிய காயை லாரி வரும் இடத்துக்குக் கொண்டுவர முடியாது. அதன் பிறகு பம்ப் வைத்துத்தான் இறைக்க வேண்டும், அதற்கு டீசல் செலவு.

அப்புறம் நிலமும் தாழ்கிறது. வடித்த சேற்று நிலம் காயக் காயச் சுருங்கும். இலையும் மரமும் மக்கி உண்டான கரிமண் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டதும் அந்த மண்ணே மெல்லக் கரைந்து கரியமிலவாயுவாகக் காற்றில் போகிறது. அத்தகைய தோட்டங்களில் நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வரை இறங்கும். சாய்ந்து, மறுபடியும் நிமிர்ந்து வளைந்து நிற்கும் செம்பனை மரங்களைப் பார்த்திருந்தால் காரணம் இதுதான், வேருக்கு அடியில் இருந்த மண் இறங்கிவிட்டது. கடல் மில்லிமீட்டரில் ஏறுகிறது, நிலம் சென்டிமீட்டரில் இறங்குகிறது. மதகுக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த வித்தியாசம். இதில் நிலம் இறங்குவதற்குக் கடல் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கான் மட்டத்தை எவ்வளவு தாழ்த்தி வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நிலத்தடித் தண்ணீரைத் தேவைக்கு மேல் வடிக்காமல் வைத்திருந்தால் நிலம் இறங்கும் வேகம் குறையும்.

பண்டுக்கு வெளியே நிற்கும் பாக்காவ் மரங்களையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். அலையின் வேகத்தை உடைப்பவை அவை. வேருக்கிடையில் சேற்றைப் பிடித்து வைத்து, ஓரளவுக்குக் கடலோடு சேர்ந்து தாமும் உயர்ந்துகொள்ளும். நம் பேரா மாநிலத்தின் மாத்தாங் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர், நூறு ஆண்டுக்கும் மேலாக முறையாகப் பராமரிக்கப்படுவது. கடல் வேகமாக உயர்ந்தால் இந்த மரங்கள் இயல்பாகவே நிலத்துப் பக்கம் நகரும். பின்னால் பண்டு இருந்தால் நகர இடமில்லை, முன்னால் கடல், பின்னால் மண்சுவர். மரம் போய்விட்டால் அலை நேராகப் பண்டில் மோதும். பண்டைப் பழுதுபார்க்கக் கொட்டும் காசைவிட வெளியே இருக்கும் மரத்தைக் காப்பாற்றுவது மலிவு என்பது என் திடமான எண்ணம்.

அடுத்து மழை. நம் தலைமேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி கடலிலிருந்து ஆவியாகி வந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது 7 விழுக்காடு போலக் கூடுதல் நீராவியைத் தாங்கும். கடலும் சூடாக இருப்பதால் அந்த நீராவியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. விளைவு, பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் உறவினர் இல்லாத தோட்டக் குடும்பம் அபூர்வம். கூரைமேல் ஏறி நின்று போன் செய்தவர்களின் குரலை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு வெள்ளத்தை மட்டும் காட்டி இது பூமி சூடானதால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அங்கே கானும் பம்பும் ஓதமும் கட்டடங்களும் எல்லாம் சேர்ந்துதான் ஊரை மூழ்கடித்தன. ஆனால் அப்படிப்பட்ட கனமழைக்கு வேண்டிய நீராவி முன்பைவிட இப்போது அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை.

மழை இல்லாமல் போவதற்கும் கடல்தான் காரணமாகிறது. எல் நினோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாதாரணமாகப் பசிபிக் கடலின் சூடான நீர் ஆசியாவை ஒட்டிய மேற்குப் பக்கம் குவிந்து கிடக்கும், மழை மேகமும் அங்கேதான் திரளும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காற்று தளர்ந்து, அந்தச் சூடான நீர் கிழக்கே தென் அமெரிக்கா பக்கம் நகர்ந்துவிடும். மழையும் கூடவே போய்விடும். நமக்கு வறட்சி, புகைமூட்டம்.

செம்பனை மரம் இந்த வறட்சியை உடனே காட்டாது. ஒரு பூ ஆணா பெண்ணா என்று முடிவாவது அது குலையாக வெட்டப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பு. தண்ணீர்ப் பஞ்சத்தில் மரம் ஆண் பூவை அதிகமாக விடும், பெண் பூ பிஞ்சிலேயே கருகும். பெண் பூதான் குலை. அதனால் இந்த ஆண்டு மழை பொய்த்தால் அடி விழுவது ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள். 2015-16-இல் மிகக் கடுமையான எல் நினோ வந்தது. மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் ஏறக்குறைய 1 கோடியே 99 லட்சம் டன், 2016-இல் 1 கோடியே 73 லட்சம் டன்னுக்கு விழுந்தது. காய் எடைக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு இதைப் புள்ளிவிவரமாகப் பார்க்க முடியாது. சம்பளச் சீட்டிலேயே தெரிந்திருக்கும். எல் நினோ மனிதன் உண்டாக்கியது இல்லை, பழங்காலத்திலிருந்தே வந்து போவது. ஆனால் இப்போது வரும் எல் நினோ முன்பைவிடச் சூடான கடலின் மேல் வந்து உட்காருகிறது. 2023-24-இல் வந்தபோது உலகக் கடலின் மேல்பரப்பு வெப்பம் அதுவரை இருந்த பதிவுகளையெல்லாம் முறியடித்தது.

இனி மீனுக்கு வருவோம். மேல் நீர் சூடாகிக் கனம் குறைந்தால் அது அடிநீரோடு கலக்காமல் தனி அடுக்காக மேலேயே நிற்கும். அடியில் இருக்கும் சத்து மேலே வராது, மேலே இருக்கும் ஆக்சிஜன் கீழே போகாது. மீன்களின் சாப்பாட்டுக்கு அடிப்படையான நுண்பாசிக்கு அந்தச் சத்து வேண்டும். இன்னொரு பக்கம், சூடான தண்ணீரில் வாயு குறைவாகத்தான் கரையும். வெயிலில் வைத்த சோடா போத்தலைத் திறந்தால் பொங்கிப் போய்விடுவதைப் போலத்தான் கடலிலிருந்தும் ஆக்சிஜன் வெளியேறுகிறது. 1960-இலிருந்து ஐம்பது ஆண்டுகளில் உலகக் கடல் தன் ஆக்சிஜனில் 2 விழுக்காடு போல இழந்திருக்கிறது. சூடான நீரில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது.

மீனுக்குக் கால் இல்லாவிட்டாலும் ஊர் மாறத் தெரியும். 1950-களிலிருந்து கடல் உயிர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு 59 கிலோமீட்டர் என்ற கணக்கில் துருவங்களை நோக்கி நகர்ந்திருக்கின்றன. நார்வே, ஐஸ்லாந்து போன்ற குளிர்நாடுகளின் கடலில் ஒரு மீன் போனால் தெற்கிலிருந்து இன்னொன்று வந்து சேர்கிறது. நம் நிலை அப்படி இல்லை. மலாக்கா நீரிணையே 28, 30 டிகிரியில் கிடக்கிறது. இதைவிடச் சூடான கடலிலிருந்து இங்கே வந்து காலி இடத்தை நிரப்பக் கூட்டம் கூட்டமாக மீன் காத்துக்கொண்டிருக்கவில்லை. பூமத்திய ரேகை நாடுகள் இதில் அதிகமாக இழக்கும் என்று சொல்வதற்குக் காரணம் இது.

ஆனால் பசாரில் கெம்போங் மீன் விலை ஏறினால் எல்லாம் பூமி சூட்டினால்தான் என்று சொல்வது தவறு. நீரிணையில் பல பத்தாண்டுகளாக இழுவலைப் படகுகள் அளவுக்கு மீறிப் பிடித்திருக்கின்றன. மீன் குஞ்சு வளரும் பாக்காவ் காடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கெராங் சிப்பி குறைந்ததற்கு ஆற்றில் வரும் அழுக்குக்கும் பெரிய பங்கு உண்டு. ஏற்கெனவே மெலிந்து போன மீன்வளத்தின் மேல்தான் கடல் சூடும் வந்து விழுகிறது, அதனால்தான் அடி பலமாகப் படுகிறது.

பவளத்தைப் பற்றிச் சுருக்கமாக. பவளம் ஓர் உயிரினம். அதன் தசைக்குள் நுண்பாசி குடியிருந்து அதற்குச் சாப்பாடும் நிறமும் தருகிறது. அந்த இடத்தின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியில் சாகும். 2010-இல் இப்படி வெளுத்ததால் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசு மூடி வைத்தது. 2024 ஏப்ரலில் உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. உலகம் 1.5 டிகிரி சூடானால் வெப்ப மண்டலப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடு போய்விடும் என்றும், 2 டிகிரியில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது என்றும் ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு சொல்கிறது. கடல் தரையில் ஒரு விழுக்காடு கூட இல்லாத அந்தப் பவளத்தை நம்பிக் கடல் உயிர் வகைகளில் கால்வாசி வாழ்கின்றன. இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதவே மனம் வராத வரிகள் இவை.

சூட்டோடு கரியமிலவாயுவையும் கடல் வாங்கிக்கொள்கிறது, நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய கால்பங்கு. அது நீரில் கரைந்து மென்மையான ஓர் அமிலமாகிறது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டுவது பிஎச் அளவு, அது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். கடலின் பிஎச் தொழிற்புரட்சிக்கு முன்பு 8.2 போல இருந்தது, இப்போது 8.1. கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை, அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. கேட்க அற்பமாக இருந்தாலும் அந்த 0.1 வித்தியாசத்துக்கு அமிலத்தன்மை கால்வாசிக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். ஓடு கட்டும் சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓட்டுக்கான பொருள் கிடைப்பது கடினமாகிறது.

இனி என்ன ஆகும்? கரியமிலவாயு வெளியேற்றத்தை நிறுத்தினால் காற்றின் சூடு மேலும் ஏறுவது சீக்கிரமே ஏறக்குறைய நின்றுவிடும். கடல் அப்படி இல்லை. மேலே வாங்கிய சூடு ஆழத்துக்கு இறங்க நூற்றாண்டுகள் ஆகும், அதுவரை நீர் விரிந்துகொண்டே இருக்கும், பனியும் உருகும். ஆனாலும் எவ்வளவு வேகமாக என்பது நாம் இப்போது செய்வதைப் பொறுத்தது. வெளியேற்றத்தை விரைவாகக் குறைத்தால் 2100-க்குள் கடல் மட்டம் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரை உயரக்கூடும், கட்டுப்பாடின்றிப் போனால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. 1995-2014 காலத்து மட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு இது. முதல் கணக்கென்றால் பண்டை உயர்த்தி, மதகை மாற்றி, பம்ப் வைத்துக் கடலோரத் தோட்டங்களில் பலவற்றை நடத்திக்கொண்டு போகலாம். இரண்டாவது கணக்கில் சில இடங்களைக் கடலுக்கே விட்டுக்கொடுக்க வேண்டி வரும். இன்று நடும் செம்பனை இருபத்தைந்து ஆண்டு நிற்கும். ஆகவே மறுநடவு செய்யும் ஒவ்வொரு தோட்டமும் இந்த இரண்டு கணக்கையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் நட வேண்டும்.

எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வேலை சொல்கிறேன். நில அளவை இலாகா 1980-களிலிருந்து லுமுட்டில் கடல் மட்டத்தை அளந்து வருகிறது. அந்த மாதாந்தரக் கணக்கு, இங்கிலாந்தில் லிவர்பூலில் இருக்கும் உலகக் கடல் மட்டப் பதிவகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி எக்செல்லில் போட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு ஆண்டுக்காண்டு மேலும் கீழும் ஆடும். ஒரு வருடத்தையோ ஐந்து வருடத்தையோ வைத்து முடிவு கட்டக் கூடாது. முப்பது ஆண்டுக்கு மேல் சேர்த்துப் பார்த்து, நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, அதன் சரிவை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அவர்களே கணக்கிடட்டும். பிறகு பௌர்ணமிக்கு மறுநாள் ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச நேரத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கானில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சுவரில் தேதியோடு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் போட்டு வந்தால், வடிகால் இலாகாவிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ பண்டையும் மதகையும் பற்றிப் பேசப் போகும்போது காட்டுவதற்கு உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.